திரும்பவும் தட்டிய கடிதம்

சுதர்சினியை எதுவும் லேசில் அசைத்துவிடாது. மாத்தளை இரத்தோட்டை வீதியில் இருக்கும் அன்ஸார் ஹாஜியாரின் வாசனைப் பொருள் கம்பெனிக்குப் புதிதாக ஒரு யந்திரம் வந்தால் எல்லோரும் முன்னால் கூடி நிற்பார்கள். அவள் பின்பக்கம் போய் வயர் எங்கே போகிறது என்று பார்ப்பாள். நல்ல மிளகையும் சொத்தை மிளகையும் நிறம் பார்த்துப் பிரிக்கும் யந்திரம் முதன்முதலாக ஓடிய அன்று ஹாஜியாரே “சுப்ஹானல்லாஹ்!” என்று வாய்விட்டுச் சொன்னார். “எர்த் ஒழுங்கா குடுத்திருக்காங்களா?” என்று சுதர்சினி கேட்டாள். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் ஸ்டோரில் அவளுக்கு எர்த் அக்கா என்று பெயர்.

அப்படிப்பட்டவள் ஒரு வெள்ளிக்கிழமை பகலில், சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்காமலே பக்கத்தில் வைத்துக்கொண்டு, கணினித் திரையில் வந்து வந்து போகும் சில எண்களைப் பார்த்து வாயடைத்து உட்கார்ந்திருந்தாள். அது ஏன் என்று விளங்க வேண்டுமானால் அவளுடைய கதையில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவள். அப்பா நாகமுத்து தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். அம்மா சுந்தரம்மா கொழுந்து எடுத்தாள். அந்த லயத்தில் எந்த வீட்டுக்கும் இலக்கம் கிடையாது. அத்தனை குடும்பங்களுக்கும் ஒரே முகவரி, தோட்டத்தின் பெயர்தான். தபால்காரர் எல்லாவற்றையும் தோட்ட ஆபீசில் கொடுத்துவிட்டுப் போவார். அங்கிருந்து அது ஒரு கங்காணியின் சட்டைப்பையிலோ, பால் ஊற்றப் போகிறவரின் கூடையிலோ ஏறி மலைக்கு வரும். வராமலும் போகும்.

உயர்தரம் சித்தியடைந்ததும் அவள் கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பித்தாள். கணித ஆசிரியை ஆக வேண்டும் என்பது ஆசை. நேர்முகத் தேர்வுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. வந்து ஆபீஸ் மேசையில் பசளை ரசீதுகளுக்கு அடியில் கிடந்தது. வேறு ஏதோ விஷயமாக அங்கே போன சுந்தரம்மாவிடம், “இது ஒங்க புள்ளைக்குத்தானே?” என்று எடுத்துக் கொடுத்தார்கள். தேர்வு நாள் அதற்குள் கடந்துவிட்டிருந்தது. யாரும் அவள்மேல் வன்மம் வைத்துச் செய்யவில்லை. ஒருவர் கெடுத்திருந்தால் அவரைத் திட்டியாவது ஆறியிருக்கலாம். கெடுத்தவர் யாருமே இல்லாமல் கேடு மட்டும் நடந்திருந்தது. அம்மா அழுதாள். மகள் அழவில்லை. கடிதம் ஒரு தடவைதான் வரும், வந்த நேரத்தில் கை நீட்ட ஆள் இல்லாவிட்டால் போனது போனதுதான் என்று மட்டும் மனதில் வைத்துக்கொண்டாள். அந்த வயதில் மனதில் வைத்துக்கொள்ளும் விஷயங்கள் பிறகு எளிதில் வெளியே போவதில்லை.

பிறகு மாத்தளை டவுனில் ஒரு கணினி வகுப்பு. அங்கிருந்து ஹாஜியாரின் கம்பெனியில் டெலிபோன் எடுக்கும் வேலை. போன் அடிக்காத நேரத்தில் பழுதான கணினியைத் திறந்து பார்க்க ஆரம்பித்தவளிடம், போகப்போக எல்லாக் கணினிகளும் வந்து சேர்ந்தன. இப்போது கம்பெனியில் வயரோடு சம்பந்தப்பட்டது எதுவானாலும் அவள் பொறுப்பு. அவற்றிலே அவள் அதிகம் கவனித்தது மெயில் காவலை.

அந்தக் கம்பெனி கறுவாப் பட்டையும் மிளகும் சாதிக்காயும் வெளிநாட்டுக்கு அனுப்புகிறது. வியாபாரம் முழுவதும் மெயிலில்தான் நடக்கிறது. வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு மெயிலையும் வாசலில் நிறுத்தி, யார், எங்கிருந்து, கையில் என்ன என்று விசாரித்த பிறகே உள்ளே விடும் ஒரு மென்பொருள் இருந்தது. அதுதான் காவல்காரன். அவனுடைய ஞாபகம் ஒரு தரவுத்தளத்தில் இருந்தது. யாரை நம்பலாம், யாரை நிறுத்தி வைக்க வேண்டும், யார் போன தடவை பொய்ப் பெயரில் வந்தான் என்று வருடக்கணக்காகச் சேர்ந்த ஞாபகம். ஜித்தாவில் ஒரு வியாபாரி எல்லாவற்றையும் பெரிய எழுத்தில், ஆச்சரியக்குறிகளோடு எழுதுவார். காவல்காரன் அவரை மோசடிக்காரன் என்றே நினைத்துக்கொண்டிருந்தான். ஏற்றுமதிப் பத்திரங்கள் பார்க்கும் றாபியா ஒவ்வொரு தடவையும் விடுவித்து விடுவித்துக் கடைசியில் அவரை நல்லவராக்கினாள். கொழும்பில் சாதிக்காயைப் பரிசோதிக்கும் ஆய்வுகூடம் ஒன்று. அதன் மெயில் ஏற்பாடு அவ்வளவு குளறுபடி. காவல்காரன் அதை ஒருநாளும் நம்பியதில்லை. சுதர்சினிதான் அதற்கென்று தனியாக விதி எழுதி வைத்தாள். இந்த ஞாபகம் இல்லாமல் அந்தக் காவல்காரனை வாசலில் நிறுத்தினால் தெரிந்தவரைத் துரத்திவிட்டுத் திருடனுக்கு ஸலாம் போடுவான்.

காவல்காரன் ஓடிய கணினிக்கு ஒன்றுமில்லை; அந்த ஞாபகம் இருந்த பழைய சேர்வர்தான் சாகக் கிடந்தது. முன்கட்டிடத்தில், அவளுடைய மேசைக்குப் பின்னால், உள்ளே ஒரு பல்லி கத்துவது போல அதன் டிஸ்க் சத்தம் போட ஆரம்பித்திருந்தது. அந்தக் கிழமை முழுவதும் போட்டது. வெள்ளி காலையில் சத்தத்துக்கு நடுவே இடைவெளி விழத் தொடங்கியது. சத்தத்தைவிட இடைவெளிதான் மோசம் என்று அவளுக்குத் தெரியும்.

புதிய சேர்வர் தயாராக இருந்தது. அதை அவள் பின்கட்டிடத்தில், அரைக்கும் மில்லுக்கு மேலே இருந்த குளிரூட்டிய அறையில் வைத்திருந்தாள். வேலை இதுதான்: காவல்காரனை நிறுத்துவது, தரவுத்தளத்தைப் பிரதி எடுப்பது, அதைப் புதிய சேர்வரில் இறக்குவது, உன் ஞாபகம் இனி இந்த விலாசத்தில் இருக்கிறது என்று காவல்காரனிடம் சொல்வது, மறுபடி வாசலைத் திறப்பது. ஒரு மணித்தியாலம் போதும். நேரமும் யோசித்துத்தான் வைத்தாள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் ஆண்கள் எல்லோரும் பள்ளிவாசலில் இருப்பார்கள். யாரும் மெயில் பார்க்கப்போவதில்லை.

றாபியாவுக்கு மட்டும் பயம்.

“இண்டைக்கே செய்யணுமா புள்ள? கொழும்பு லெப்காரங்க சேர்ட்டிபிகேட் மூணு மணிக்குள்ள அனுப்புறதா சொல்லீக்காங்க.”

“அதுக்குள்ள முடிஞ்சிரும் ராத்தா.”

“முடியாட்டி?”

“முடியாட்டியும் ஒண்ணும் தொலையாது. மெயில் நிக்கும்.”

“எங்க நிக்கும்? ரோட்டுலயா?”

சுதர்சினி சிரித்துவிட்டு எழுந்து போனாள். ஆனால் விஷயம் சிரிப்பானதல்ல. ஹம்பேர்க்கில் ஒரு புதிய வாடிக்கையாளருக்குப் போகும் முதல் சாதிக்காய்க் கொள்கலன் அன்று காலையே கொழும்புத் துறைமுகத்துக்குப் போயிருந்தது. பூஞ்சண நஞ்சு இல்லை என்ற அந்த ஆய்வுகூடத்துச் சான்றிதழ் ஐந்து மணிக்குள் ஏஜென்டின் கையில் போய்ச் சேராவிட்டால் அது கப்பலில் ஏறாது. இந்த முதல் கப்பல் தவறினால் அந்த ஜேர்மன்காரர் வேறு நாட்டுச் சாதிக்காய் வாங்கிக்கொள்வார். மழைக்காலம் முழுக்கப் புகை போட்டுக் காயவைத்த காய். ஹாஜியார் அந்தக் கிழமை சரியாகத் தூங்கவில்லை என்பது அவர் தேத்தண்ணிக்குச் சீனி கேட்ட விதத்திலேயே தெரிந்தது.

பாங்கு சொல்ல முன்னரே ஆண்கள் புறப்பட்டார்கள். சுதர்சினி காவல்காரனை நிறுத்தினாள். பழைய டிஸ்க் முனகி முனகி ஒரு பிரதியைக் கொடுத்தது. அதை ஒரு கையடக்க டிஸ்க்கில் வாங்கிக்கொண்டு முற்றத்தைக் கடந்தாள். பின்கட்டிட மாடியில் புதிய சேர்வரில் செருகி, இறக்கத் தொடங்கிவிட்டு, மிச்சத்தைத் தன் மேசையிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பி வந்து, சாப்பாட்டுப் பார்சலைக் கையில் எடுத்தாள்.

புதிய சேர்வரைக் காட்டிக்கொண்டிருந்த திரை அப்படியே நின்றது. பிறகு, தொடர்பு இல்லை என்றது.

வயர் கழன்றிருக்கும் என்று நினைத்து மறுபடியும் முற்றத்தில் ஓடினாள். பின்கட்டிடம் இருட்டாக, சத்தமில்லாமல் இருந்தது. குளிரூட்டி ஓடவில்லை. கீழே கதவிலும், சுவரில் இருந்த மெயின் சுவிட்ச் பெட்டியிலும் பூட்டு தொங்கியது.

அது புஹாரி நானாவின் பூட்டு. ஸ்டோர்க் காப்பாளர் புஹாரி, எப்போதோ ஒரு வெள்ளிக்கிழமை, எல்லோரும் தொழுகையில் இருந்த நேரத்தில் வேறொருவரின் மில்லில் கராம்புத் தூசு பற்றி எரிந்ததைக் கண்ணால் பார்த்தவர். அன்றிலிருந்து, எல்லோருக்கும் கடைசி ஆளாக ஜும்ஆவுக்குப் போகுமுன் பின்கட்டிடத்து மெயினை இறக்கி, பெட்டியையும் கதவையும் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போவார். கம்பெனியில் இருந்த ஒவ்வொரு ஆணுக்கும் அது தெரியும். ஒவ்வொரு வெள்ளியும் அந்த நேரத்தில் முன்கட்டிடத்தில் அமைதியாகச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்த சுதர்சினிக்குத் தெரியாது. யாரும் மறைக்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. மின்சாரம் போனாலும் தாங்கக்கூடிய பற்றரிப் பெட்டி ஒன்று புதிய சேர்வருக்கு வாங்கி வைத்திருந்தாள். அது இன்னும் முன்கட்டிடத்தில், பழையதன் காலடியில்தான் இருந்தது.

புஹாரிக்குப் போன் எடுத்தாள். பள்ளிவாசலுக்குள் யார் போனை உயிரோடு வைத்திருப்பார்கள்?

திரும்பி வந்து, சரி, இன்றைக்குப் பழையதையே ஓட்டலாம் என்று அதை உசுப்பினாள். டிஸ்க் ஒரு தடவை சுற்றியது. ஒரு சத்தம். பிறகு இடைவெளி வந்தது. அந்த இடைவெளி முடியவேயில்லை. கடைசிப் பிரதியைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது போலிருந்தது. இத்தனை வருட ஞாபகமும் இப்போது பூட்டிய கட்டிடத்தில், கரண்ட் போன நேரத்தில் நடு வழியில் நின்றுபோன ஒரு சின்ன டிஸ்க்கில் மட்டும் இருந்தது. அது உயிரோடு இருக்கிறதா என்பதுகூடத் தெரியாது.

அந்த நேரம் பார்த்து றாபியா போனைக் காதில் வைத்தபடி வந்தாள்.

“லெப்புலிருந்து அனுப்பிட்டாங்களாம்.”

“எப்ப?”

“இப்பதான். அந்தப் புள்ள சொல்லுது, ‘மிஸ், நாங்க நேரத்தோட அனுப்பிட்டோம்’ எண்டு. பெருமை வேற.”

“வாட்ஸ்அப்புல ஒரு கொப்பி போடச் சொல்லுங்க ராத்தா.”

“கேக்காமயா? கையெழுத்து வச்ச பைல் சிஸ்டத்துலேருந்து நம்மட கம்பெனி மெயிலுக்கு மட்டும்தான் போகுமாம். போட்டோ எடுத்து அனுப்புனா ஏஜென்ட் ஏத்துக்க மாட்டான். நாளைக்கு லீவாமே, அந்தப் புள்ளையும் இப்பவே போகப்போகுதாம்.” றாபியா கதிரையில் தொப்பென்று உட்கார்ந்தாள். “வந்து பாத்திருக்கும். கதவு பூட்டீக்கு. திரும்பிப் போயிருக்கும். யா அல்லாஹ், ஹாஜியாருக்கு நான் என்னத்தச் சொல்ல?”

“திரும்பிப் போகாது.”

“ஒனக்கு எப்பிடித் தெரியும்?”

அந்தக் கேள்விக்குச் சுதர்சினியிடம் பதில் இருந்தது. மெயில் அனுப்பும் யந்திரம், வாசல் மூடியிருந்தால் கடிதத்தை வீசிவிடாமல் தன்னிடமே வைத்துக்கொண்டு, கொஞ்சம் பொறுத்து மறுபடியும் வர வேண்டும். நாட்கணக்கில் வர வேண்டும். அப்படியும் முடியாவிட்டால் எழுதியவருக்கே போய், கொடுக்க முடியவில்லை என்று சொல்ல வேண்டும். இப்படி ஒரு விதி இருக்கிறது. வகுப்பில் படித்தாள், சோதனையில் எழுதிப் புள்ளி வாங்கினாள். ஆனால் படித்ததற்கும் அதன்மேல் ஒரு மனிதனின் கொள்கலனைத் தூக்கி வைப்பதற்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று இந்த நிமிஷம்தான் பார்த்தாள். யாரோ எழுதிய விதி. அதை எல்லோரும் மதிக்கிறார்கள் என்று யார் கண்டது? தோட்ட ஆபீசுக்கும் ஒரு விதி இருந்திருக்கும்.

கைகள் சும்மா இருக்க முடியாமல், கம்பெனிக்கும் வெளி உலகத்துக்கும் நடுவே இருந்த பெட்டியின் பதிவைத் திறந்தாள். வாசல் மூடியிருந்தாலும் யார் வந்து கதவைத் தொட்டார்கள் என்று அந்தப் பெட்டிக்குத் தெரியும். ஒவ்வொரு தொடுதலுக்கும் ஒரு வரி. வரியில் பெயர் இருக்காது, வந்த இடத்தின் எண் மட்டும்.

வரிகள் வந்துகொண்டிருந்தன. அவள் ஒன்றை எடுத்து எந்த இடம் என்று தேடிப் பார்த்தாள். ஜேர்மனி. அடுத்தது ஜித்தா. பிறகு கராச்சி. அதற்கப்புறம் கொழும்பில் ஒரு வங்கி. பிறகு மறுபடியும் அதே ஜேர்மனி எண்.

“இது முன்னமே வந்ததுதானே?” என்றாள் றாபியா, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு.

“வந்தது.”

“அப்ப ஏன் மறுபடியும் வருது?”

“கதவு தெறக்கலையே, ராத்தா.”

றாபியா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஜித்தா மறுபடி வந்தது. “இந்தா நம்மட மனுசன்! சத்தம் போடாம ஒருநாளும் வந்ததில்ல. இண்டைக்கு எவ்வளவு ஒழுக்கமா தட்டுறான் பாரு.” கராச்சியும் மறுபடி வந்தது. இடையிடையே சில எண்கள் ஒரு தடவை தட்டிவிட்டுப் போய், பிறகு வரவே இல்லை. அவற்றில் சிலவற்றைச் சுதர்சினி தேடிப் பார்த்தாள். ஒன்றுக்கும் உருப்படியான விலாசம் இல்லை.

“அவங்க ஏன் வரல்ல?”

“கள்ளனா இருக்கும். கள்ளனுக்கு நின்னு காத்திருக்க நேரம் ஏது? பூட்டியிருந்தா அடுத்த வீட்டுக்குப் போயிருவான்.”

எல்லாக் கள்ளர்களும் அப்படியல்ல என்றும், சோம்பேறியான நல்லவர்களும் உண்டு என்றும் அவளுக்குத் தெரியும். இருந்தாலும் திரையில் அது கண்ணால் பார்க்கும்படி பிரிந்து கிடந்தது. கம்பெனியோடு உண்மையாகவே ஏதோ சொல்ல வேண்டியிருந்தவை எல்லாம் திரும்பி வந்தன. கோபித்துக்கொள்ளவில்லை, அவசரப்படவில்லை. முதலில் கொஞ்ச நேரம் விட்டு, பிறகு இன்னும் கொஞ்சம் கூடுதலாக விட்டு வந்தன. ஹம்பேர்க்கில் இருந்த யந்திரத்துக்கு மாத்தளை எங்கே என்று தெரியாது. புஹாரி நானாவின் பூட்டைப் பற்றியும் தெரியாது. யாரும் பக்கத்தில் நின்று அதை ஏவவும் இல்லை. ஒருவரை ஒருவர் பார்த்திராத மனிதர்கள் எங்கேயோ கூடி, முன்பின் தெரியாதவனின் கடிதமானாலும் ஒரு தடவையில் கைவிடக்கூடாது என்று சொல்லிக்கொண்டார்கள். ஒப்பந்தம் அவ்வளவுதான். தண்டனை இல்லை, கண்காணிப்பு இல்லை. உலகம் முழுவதும் அதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

தோட்ட ஆபீஸ் மேசை அவளுடைய ஞாபகத்துக்கு வந்தது. அந்தக் கடிதமும் இப்படி ஒரு தடவை திரும்பித் தட்டியிருந்தால் என்று நினைக்கத் தொடங்கியவள், அந்த நினைப்பை முடிக்கவில்லை. றாபியா முகத்தைப் பார்த்துவிடக்கூடாதே என்று திரையோடு திரையாகக் குனிந்தாள்.

அப்போதுதான் பழைய பதிவுகளிலிருந்து ஆய்வுகூடத்தின் எண்ணைத் தேடி எடுத்து, இன்றைய வரிகளோடு ஒப்பிட்டாள். இருந்தது. ஒரு தடவை தட்டியிருந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது தடவையும் தட்டியது.

“இதுதான்,” என்றாள்.

“இதா? சேர்ட்டிபிகேட்டா? இப்ப வாசல்ல நிக்குதா?” றாபியா திரையில் விரலை வைத்தாள். பாவம், அது அந்த விரலுக்கும் கொஞ்சம் தள்ளித்தான் நின்றது.

ஜும்ஆ முடிந்து ஆண்கள் வந்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் புஹாரி நானாவின் கை நேரே இடுப்புக்குப் போனது.

“தங்கச்சி, வெள்ளிக்கிழம நான் மெயின் இழுக்கிறது ஒங்களுக்குத் தெரியாதா?”

“தெரியாது நானா.”

“இத்தன வருஷமா இழுக்கிறேனே!”

“இத்தன வருஷமா நீங்களும் எனக்குச் சொல்லலையே!”

“அட, மெயின் இழுக்கிறத ஆராவது கல்யாண வீடு மாதிரிச் சொல்லிக்கிட்டா திரிவாங்க?” என்றபடியே அவர் ஓடினார். அந்த வயதில் அவ்வளவு வேகமாக அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை.

கரண்ட் வந்தது. மாடிக்குப் போய்ச் சுதர்சினி சின்ன டிஸ்க்கைக் கழற்றி மறுபடி செருகினாள். அது உயிரோடு இருந்தது. புதிய சேர்வரில் பாதியில் நின்ற ஞாபகத்தைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து இறக்கத் தொடங்கினாள். இந்தத் தடவை பற்றரிப் பெட்டியைப் புஹாரி நானாவே தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்.

ஹாஜியார் அறை வாசலில் வந்து நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

“எவ்வளவு நேரம் எடுக்கும் மகள்?”

“ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்ட ஆகும் ஹாஜியார்.”

“அதுவரைக்கும் அந்தக் காவல ஒரு பக்கமா வச்சிட்டு, கதவ சும்மா தெறந்து விட ஏலாதா?”

ஏலும். இரண்டு நிமிஷ வேலை. கை மவுஸின் மேலேயே இருந்தது. போன மாதம் ஹம்பேர்க்காரரின் பெயரிலேயே புதிய ஓடர் என்று ஒரு கோப்பு வந்ததும், காவல்காரன் அதை மறித்ததும் அவளுக்கு ஞாபகம் வந்தது. அந்தக் கோப்பை யாராவது திறந்திருந்தால் கம்பெனியின் எல்லாக் கணினிகளும் பூட்டிப்போயிருக்கும். ஒரு மணித்தியாலம் கதவு திறந்து கிடந்தால் என்ன வருமோ தெரியாது, ஒன்றும் வராமலும் போகலாம். மறுபக்கம் மனுஷர் தூக்கம் இல்லாமல் நிற்கிறார். கதவைத் திறப்பதுதான் எளிது. யாரும் அவளைக் குறை சொல்லமாட்டார்கள்.

“தெறக்கலாம் ஹாஜியார். ஆனா உள்ள வந்தத பொறவு வெளிய தள்ள ஏலாது. கொஞ்சம் பொறுத்துக்குங்க. அந்த மெயில் போகாது. நிக்குது.”

“அடச்ச கதவுக்கு முன்னால ஆரு மகள் நிப்பா?”

அவள் அவரைத் தன் மேசைக்குக் கூட்டிக்கொண்டு போய் வரிகளைக் காட்டினாள். இந்தா ஜேர்மனி. இந்தா ஜித்தா. இந்தா லெப், இரண்டு தடவை. ஹாஜியார் நீண்ட நேரம் பார்த்தார். வியாபாரி அவர். வாக்குக் கொடுத்துவிட்டு வராதவர்களையே ஆயுள் முழுக்கக் கண்டவர்.

“மூணாந்தரம் எப்ப வரும்?”

“அது அவங்க கணக்கு. இடைவெளி கூடிக்கிட்டே போகும். எனக்குச் சொல்லத் தெரியாது ஹாஜியார்.”

தெரியாது என்று அவள் சொன்னதுதான் அவருக்கு நம்பிக்கை கொடுத்தது போலிருக்கிறது. “சரி, ஒங்கட படியே செய்யுங்க,” என்று சொல்லிவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார்.

ஞாபகம் இறங்கி முடிந்தது. காவல்காரனிடம் புதிய விலாசத்தைக் கொடுத்தாள். அவன் போய்ப் பார்த்து, அனுமதி இல்லை என்று திரும்பி வந்தான். அனுமதி கொடுக்க மறந்திருந்தாள். கொடுத்தாள். போனான். இருந்தது. ஜித்தாக்காரரின் பெயரைத் தேடினாள், நல்லவர் என்று வந்தது. ஆய்வுகூடத்தின் விதியைத் தேடினாள், எழுதியபடியே இருந்தது. அதற்குப் பிறகுதான் வாசலைத் திறந்தாள்.

உடனே எதுவும் நடக்கவில்லை. பிறகு கராச்சி வந்தது. வந்து, விசாரிக்கப்பட்டு, உள்ளே போனது. வங்கி வந்தது. ஜேர்மனி வந்தது. யாரும் முண்டியடிக்கவில்லை. ஒவ்வொன்றும் தன் தன் நேரம் வந்ததும், இடையில் ஒன்றுமே நடக்காதது போலக் கடிதத்தை நீட்டியது. றாபியாவின் கணினி டிங் டிங் என்று சத்தம் போட்டது. ஒவ்வொரு டிங்குக்கும் மூன்று பேரும் நிமிர்ந்தார்கள். ஜித்தா வந்தபோது றாபியாவே அலுத்துக்கொண்டாள்: “நம்மட மனுசா, நீங்க கொஞ்சம் பொறகு வந்தீக்கலாம்!”

ஆய்வுகூடம் வரவில்லை.

மணி நான்கு தாண்டியது. ஏஜென்ட் போன் எடுத்தான். ஹாஜியார், “வந்துகிட்டு ஈக்கு” என்று சொல்லிவிட்டு வைத்தார். புஹாரி நானா எல்லோருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். அது அவருடைய வேலை அல்ல. சுதர்சினி குடிக்கவில்லை. இப்போது அவள் செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. வாசல் திறந்திருந்தது, காவல் நின்றது, ஞாபகம் ஊன்றியிருந்தது. இனி வர வேண்டியது அதுவாகத்தான் வர வேண்டும். சின்ன வயதில் மலைப்பாதையைப் பார்த்துக்கொண்டு லய வாசலில் அவள் நின்றதுண்டு. அன்று வருகிறதா என்றுகூடத் தெரியாமல் நின்றாள். இன்று, ஒன்று இரண்டு தடவை வந்துவிட்டுப் போனதைக் கண்ணால் பார்த்துவிட்டு நின்றாள். காத்திருப்பது ஒன்றுதான், ஆனாலும் இரண்டும் ஒன்றல்ல என்று அவளுக்குப் பட்டது.

திரையில் ஒரு வரி விழுந்தது. அந்த எண்.

காவல்காரன் அதை நிறுத்தினான். குளறுபடியான ஆள், ஆவணம் வேறு கையில். பிறகு தன் ஞாபகத்தைப் போய்ப் பார்த்தான், பின்கட்டிட மாடியில், புதிய இடத்தில். விதி இருந்தது. போ என்று விட்டான்.

டிங்.

“வந்திட்டு!” என்று றாபியா போட்ட சத்தத்தில் ஸ்டோரில் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். உடனேயே சான்றிதழை ஏஜென்டுக்கு அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் அவன் போன் எடுத்து, கிடைத்தது, பெட்டி உள்ளே போகிறது என்றான்.

ஹாஜியார் திரையைக் காட்டி, “இவங்கள இப்பிடிக் காத்திருக்கச் சொன்னது ஆரு மகள்?” என்று கேட்டார்.

“யாரும் சொல்லலைங்க. அப்படித்தான் செய்யிறதுன்னு ஆரம்பத்துலயே பேசிக்கிட்டாங்களாம். அதுக்குப் பொறவு வந்தவங்களும் அப்படியே செய்யிறாங்க.”

“எல்லாரும் செய்யிறாங்களா?”

“இன்னைக்குப் பாத்தோமே ஹாஜியார்.”

அவர் ‘சுப்ஹானல்லாஹ்’ என்று மெல்லச் சொன்னார். மிளகு யந்திரத்துக்குச் சொன்னதைவிட மெதுவாக. சுதர்சினி இந்தத் தடவை எர்த் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்துக் குடித்தாள்.

அன்று மாலை இரத்தோட்டை பஸ்ஸில் ஏறி அம்மாவைப் பார்க்கப் போனாள். போவதாக இருக்கவில்லை, போக வேண்டும் போலிருந்தது. சுந்தரம்மா இப்போது லயத்துக்குக் கீழே கட்டிக்கொண்ட சின்ன வீட்டில் இருக்கிறாள். என்ன இந்த நேரத்தில் என்று கேட்டாள். சும்மாதான் என்றாள் மகள். பகலில் நடந்ததை எப்படிச் சொல்வது என்று யோசித்துப் பார்த்து, “அம்மா, இன்னைக்கு ஒரு கடிதம் மூணு தரம் வந்திச்சு” என்று மட்டும் சொன்னாள்.

“யாரும் வாங்கலையா?”

“கதவு பூட்டியிருந்திச்சு.”

“அப்படியும் வந்திச்சா?” சுந்தரம்மா அடுப்பில் இருந்து திரும்பி மகளின் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கும் அந்த மேசை ஞாபகம் வந்திருக்க வேண்டும். “நல்ல கடிதமாத்தான் இருக்கும்,” என்று சொல்லிவிட்டு ரொட்டியைப் புரட்டிப் போட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை, பாங்குக்கு முன்னால், புஹாரி நானா முற்றத்தைக் கடந்து முன்கட்டிடத்துக்கு வந்தார். சாவி கையில் இருந்தது. வாசலிலேயே நின்று, உள்ளே எட்டிப் பார்த்து, ஊரே கேட்கும்படி கூப்பிட்டார்:

“தங்கச்சி! மெயின் இழுக்கப் போறேன். ஒங்கட ஆக்கள் ஆராவது வெளிய தட்டிக்கிட்டு நிக்கிறாங்களா?”

“இல்ல நானா. மாடிக்குத் தனி லைன் இழுத்தாச்சு, நீங்க இழுங்க.”

“இல்ல, ஒருக்கா நல்லாப் பாத்துச் சொல்லுங்க,” என்று அவர் அங்கேயே நின்றார்.

தேவையில்லைதான். ஆனாலும் சுதர்சினி பதிவைத் திறந்து, வரிகளை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தாள்.